அடுப்படிக்கு வந்த ஊற்று

ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலையில், சாமைக்கொல்லை ஊரின் ஊற்று தான் இருந்த பள்ளத்தை விட்டு எழுந்து, ஒன்றரை மைல் மலை இறங்கி, என் நாத்தனார் சடைச்சியின் அடுப்படியில் அம்மிக்கும் அரிசிப் பானைக்கும் நடுவே குடிவந்துவிட்டது. வந்ததைப் பற்றி எங்களில் யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. யார் சொல்லி வந்தது என்று எங்களுக்குத் தெரியும். என்னைக் கேட்டால், சொன்னவள் மேல் பாதித் தப்பு, கேட்டுக்கொண்டு பேசாமல் வந்த என் மேல் பாதித் தப்பு.

எங்கள் மலையில் ஒரு வழக்கம். பொழுது இறங்குமுன் ஊற்றில் கடைசிக் குடம் மொள்ளுகிற பெண், குடத்தை இடுப்பில் ஏற்றியபின் ஒரு தரம் திரும்பி நின்று, "நாங்க வீட்டுக்குப் போறோம், ஆத்தா, நீ இங்கயே இரு" என்று சொல்லிவிட்டுத்தான் வரவேண்டும். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. வீட்டை விட்டுக் கிளம்பும்போது பிள்ளைகளிடம் கதவைச் சாத்திக்கோ என்று சொல்கிறோமே, அப்படி ஒரு சொல்.

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம், ஊற்றைச் சுற்றிக் கம்பி வேலி போட்டு முடித்திருந்தார்கள். மேலே புதிதாக எழும்பிய தங்கும் விடுதிக்காரர்கள் போட்டது. நாங்கள் காலங்காலமாக நடக்கிற வழியில் ஒரு இரும்புக் கதவு, அதற்கு ஒரு பூட்டு, பூட்டுக்குப் பக்கத்தில் ஒரு வாட்ச்மேன். "இன்னைக்கி மட்டும் மொண்டுக்கோங்கம்மா, நாளையிலேருந்து இந்தப் பக்கம் வராதீங்க, மேனேஜர் உத்தரவு" என்றான் அவன். எங்கள் ஊர் வன உரிமைக் குழுவுக்குச் சடைச்சிதான் தலைவி. அந்தக் காடும் ஊற்றும் ஊருக்குப் பொதுவான உரிமை என்று எழுதிக் கேட்டு, பெண்களாகச் சேர்ந்து எல்லை நடந்து படம் வரைந்து, கீழே ஆபீசுக்கு மனுக் கொடுத்து ஆறு வருஷம் ஆகிறது. மனு மூன்று தடவை திரும்பி வந்தது. ஒரு தடவை முத்திரை கோணலாக இருக்கிறது என்று, ஒரு தடவை படத்தை ஏன் பச்சை மையில் வரைந்தீர்கள் என்று, ஒரு தடவை பெண்களின் கைநாட்டில் ரேகையே தெரியவில்லை என்று. கடுக்காய் பொறுக்கி, சாமை இடித்து, புளி உடைக்கிற கையில் ரேகை எங்கே இருக்கும்? மூன்று தடவையும் கடவுளே என்று மறுபடியும் வரைந்தோம், மறுபடியும் வைத்தோம்.

அத்தனையையும் வாயில் அடக்கிக்கொண்டு கடைசிக் குடத்தை மொண்ட சடைச்சி, திரும்பி நின்று, சொல்லவேண்டியதைச் சொல்லாமல், "இந்தக் கம்பிக்குள்ள நீ மட்டும் ஒத்தையில கெடந்து என்னா பண்ணப்போற? எழுந்து வா எங்க கூட" என்று சொல்லிவிட்டு விறுவிறு என்று இறங்கிவிட்டாள். பின்னால் நின்ற நானாவது சரியாகச் சொல்லியிருக்கலாம். கடைசிக் குடம் என்னுடையது இல்லையே, கோபத்தில் இருக்கிறவளை எதற்குத் திருத்துவது என்று முருகா முருகா என்று நானும் பின்னாலேயே வந்துவிட்டேன்.

விடிந்ததும் அவள் புருஷன் வேடி அண்ணன் அடுப்படியில் கால் வைத்து, "யாரது இப்படித் தண்ணியக் கொட்டி வெச்சது?" என்று கத்தியிருக்கிறார். சடைச்சி விளக்கைத் தூக்கிப் பார்த்தாள். தரை பிளந்து, வெள்ளை மணல் கொதிக்கிற கஞ்சி மாதிரி புரள, அதன் ஓரத்தில் ஒரு நண்டு தன் வீட்டில் உட்கார்ந்திருக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தது.

"நேத்து நான்தான் கூப்பிட்டேன். வந்துட்டா" என்றாள் சடைச்சி. "காலை எடுத்துக்கினு அந்தாண்ட போ."

எட்டு மணிக்குள் ஊரே குடத்தோடு வாசலில் வரிசை கட்டி நின்றது. முதலில் எல்லாருக்கும் சந்தோஷம்தான். ஒன்றரை மைல் ஏறி ஒன்றரை மைல் இறங்க வேண்டாம், முள் இல்லை, பாம்பு இல்லை, வாட்ச்மேன் இல்லை. குப்பாயி என்று ஒருத்தி, எங்கள் வயசுக்காரி, எதற்கும் குறை சொல்கிறவள், அவளே அன்றைக்குக் குறை சொல்லாமல் இரண்டு நடை மொண்டுபோய், மூன்றாவது நடையில்தான், "ஏன் சடைச்சி, வாசப்படி இவ்ளோ ஒசரமா கட்டி வெச்சிருக்கியே, முட்டி போவுது" என்றாள்.

வீட்டுக்குள் ஒரு ஊற்றை வைத்துக் குடித்தனம் பண்ணுவது எப்படி என்று சடைச்சியைத்தான் கேட்க வேண்டும். அடுப்புப் பற்றாது. உப்பு கரைந்தது, தீப்பெட்டி நமுத்தது, சுவர் இடுக்கில் பெரணி முளைத்து நாலே நாளில் கூரையைத் தொட்டது, அரிசிப் பானையைத் திறந்தால் தவளை. வேடி அண்ணன் கட்டிலைத் தூக்கிக்கொண்டு மாட்டுக்கொட்டாய்க்குப் போய்விட்டார். பொழுது சாய்கிற நேரத்தில் மான்கள் கொல்லைப்புறமாக வந்து நின்றன, ஏனென்றால் அவைகளுக்கும் அதுதான் ஊற்று, வேறு எங்கே போகும். மூன்றாம் நாள் ஒரு கரடி வந்தது. புழக்கடைக் கதவுக்குள் தலையை மட்டும் விட்டு, யாரையும் ஏறெடுத்துப் பார்க்காமல், சம்பந்தி வீட்டில் சாப்பிடுகிற மனுஷன் மாதிரி வெட்கப்பட்டுக் குடித்துவிட்டுப் போனது. சடைச்சி முறத்தைக் கையில் வைத்துக்கொண்டு அது போகிறவரை நின்றுவிட்டு, "இதுக்கும் ஒரு மனு எழுதி வெக்கணும்போல" என்றாள்.

ஊர்க்கவுண்டர் வந்தார். மாதவிலக்கில் தூரமான பெண்கள் ஊற்றுப் பக்கம் போகக்கூடாது என்பது எங்கள் ஊர்க் கட்டு. இப்போது அந்த ஊற்றே பெண்கள் இருக்கிற வீட்டில் வந்து படுத்திருக்கிறது, சடைச்சியின் மருமகளுக்கோ அந்த வாரம்தான் தூரம், என்ன செய்வது என்று ஆண்கள் ஆலமரத்தடியில் ஒரு பகல் முழுக்கப் பேசியிருந்தார்கள்.

"கட்டு மீறக்கூடாது சடைச்சி."

"நான் எங்க மீறினேன், மாமா? எம் மருமவ அவ வூட்டுக்குள்ளதான் இருக்கறா. வந்தது ஆத்தா. போயி ஆத்தாகிட்ட கேளுங்க."

அவர் யோசித்தார். ஊருக்குப் பெரியவர் வீடு இருக்க, ஆத்தா இந்த ஓட்டு வீட்டில் இருப்பது முறை இல்லை என்று அவருக்குப் பட்டது. மறுநாள் மேளத்தோடு, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பூ, பழம், புதுப்புடவை வைத்து ஊற்றை முறையாகத் தன் வீட்டுக்கு அழைத்தார். அரைமணி நேரம் கையைக் கட்டி நின்றார். ஊற்று அவர் வெற்றிலையை மெதுவாக நகர்த்தி நகர்த்தி வாசலுக்குக் கொண்டுபோய் வெளியே விட்டது. குப்பாயி வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு ஓடிப்போனாள்.

சனிக்கிழமை இரண்டு பேர் வந்தார்கள், முதலில் தபால்காரர், பிறகு விடுதி மேனேஜர்.

தபாலில் ஆபீஸ் கடிதம். ஆறு வருஷம் வராத ஆய்வு வருகிற வியாழக்கிழமை வருகிறதாம். கோரிய இடத்தில் ஊற்று உள்ளதா, எந்நாள் முதல் உள்ளது, ஊரார் சென்றுவர வழி உள்ளதா என்று அதிகாரி நேரில் பார்ப்பாராம். இல்லை என்று கண்டால் மனு தள்ளுபடி, அதற்குமேல் மனு இல்லை. என் மகன் திருப்பூரிலிருந்து விடுப்பில் வந்திருந்தான், அவன்தான் படித்துக் காட்டினான். படித்து முடித்ததும் எல்லாரும் திரும்பி அடுப்படியைப் பார்த்தோம். இத்தனை வருஷம் அசையாமல் இருந்துவிட்டு, பார்க்க ஆள் வருகிற வாரமாகப் பார்த்து இப்படி இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறாளே என்று எனக்கு வந்த ஆயாசத்தை, சாமி குற்றம் ஆகிவிடுமே என்று, ஒரு நீண்ட பெருமூச்சாக மாற்றி விட்டேன்.

மேனேஜர் சிரித்த முகம். அவர் நீச்சல் குளம் காய்ந்து, தங்க வந்தவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள். ஆனாலும் சிரித்தார். போர் போட்டுக்கொள்ளப் போகிறாராம், தண்ணீரைப் பற்றிக் கவலை இல்லையாம். "உங்க ஊத்து உங்க வீட்டுக்கே வந்துடுச்சு, ரொம்ப சந்தோஷம்மா. சுத்திலும் டைல்ஸ் போட்டு, மேல கூரை போட்டு, ஊருக்கே பைப் இழுத்துத் தர்றோம். நீங்க ஒரே ஒரு கையெழுத்து. தண்ணி ஊருக்குள்ளயே இருக்கு, மேல அந்த எடம் எங்களுக்கு வேணாம்னு."

அவர் போனபின் சடைச்சியின் வாசலில் நடந்த சண்டை மாதிரி எங்கள் ஊரில் நான் பார்த்ததில்லை. ஆண்கள் எல்லாம் போட்டுவிடு என்றார்கள். பெண்களிலும் பாதிப் பேர் அப்படித்தான்.

"நாப்பது வருஷமா நான் சொமந்தேன், எம் மருமவளும் சொமக்கணுமா?" என்று கேட்டாள் குப்பாயி. "காலாண்ட வந்த தண்ணியத் தூக்கிக்கினு போயி மறுபடியும் மலை மேல வெக்கச் சொல்றியே, உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?"

"தண்ணி வந்துச்சு. கடுக்காய் மரம் வந்துச்சா? நெல்லி வந்துச்சா? தேன் பாறை எழுந்து வந்துச்சா?" என்றாள் சடைச்சி. "மேய்ச்சலுக்கு மாடு எங்க போவும், உன் டைல்ஸ் மேலயா? அந்த ஊத்த வெச்சித்தான்டி அந்தக் காட்டையே நாம கேட்டுக்கினு இருக்கோம். எடம் வேணாம்னு எழுதிட்டு நாளைக்கி வெறகு ஒடிக்கப் போனா, அவன் உன்னைத் திருடின்னுவான்."

குப்பாயி குடத்தை எடுத்து மொண்டுகொண்டு போய்விட்டாள். மறுநாள் காலையில் அவளே வந்து, "சரி, அனுப்பறது எப்படின்னு சொல்லு" என்றாள், அதையும் ஒரு குறையாகவே.

அனுப்புவதற்கு என்னவெல்லாம் செய்தோம். சடைச்சி கைகூப்பிக் கேட்டாள். நாங்கள் பொங்கல் வைத்தோம். நான் மூன்று நாள் ஒருவேளை மட்டும் சாப்பிட்டு, காலையும் மாலையும் அந்த ஈரத்தில் விளக்கு வைத்து, வேடியப்பா, காளியாத்தா, இவளுக்கு நல்ல புத்தி கொடுங்கள் என்று வேண்டினேன். ஊற்று இன்னும் குளிர்ச்சியாக, இன்னும் இனிப்பாகச் சுரந்ததே தவிர ஒரு அடி நகரவில்லை. எங்கள் வேண்டுதலை உபசாரம் என்று நினைத்துக்கொண்டது போலிருக்கிறது.

புதன்கிழமை, விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டிருந்த என்னிடம் சடைச்சி வந்து உட்கார்ந்தாள். "அண்ணி, வாழப்போன வீட்டுல அடிச்சித் தொரத்தினான்னு ஒரு பொண்ணு தாய் வூட்டுக்கு வந்துட்டா, நாம என்னா செய்வோம்? நீ போடி, நீ போடின்னு ஒத்தையில அனுப்புவோமா?"

"அனுப்ப மாட்டோம்" என்றேன். "பொம்பளைங்க நாம முதல்ல அந்த வூட்டு வாசல்ல போயி உக்காருவோம். பேசித் தீர்ப்போம். அப்பறம்தான் பொண்ணு வரும்."

"அதைத்தான் நாம செய்யல" என்றாள்.

வியாழக்கிழமை விடிந்ததும் பதினெட்டுப் பெண்கள் பாய், கஞ்சித் தூக்கு, காலிக் குடம் எல்லாம் எடுத்துக்கொண்டு மலை ஏறினார்கள். பூட்டின கதவுக்குப் பக்கத்தில் காட்டுப்பன்றி தோண்டின பள்ளம் ஒன்று உண்டு, அதன் வழியாகக் கம்பிக்கு அடியில் ஒவ்வொருத்தியாக ஊர்ந்து உள்ளே போய், காய்ந்துபோன ஊற்றுப் பள்ளத்தைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்துகொண்டார்கள். வாட்ச்மேன் ஒருத்தன், இவர்கள் பதினெட்டுப் பேர், அவன் என்ன செய்வான். எனக்கு முட்டி மடங்காது, ஊர்ந்து போக முடியாது என்று என்னை அடுப்படியிலேயே ஊற்றுக்குத் துணையாக விட்டுவிட்டார்கள்.

பதினோரு மணிக்கு அதிகாரி ஜீப்பில் வந்துவிட்டார் என்று செய்தி வந்தது. வேடி அண்ணனின் போனை மாமரக் கிளையில் தொங்கவிட்டால்தான் டவர் கிடைக்கும், அதனால் சடைச்சியின் குரல் மரத்திலிருந்து வந்தது.

"அண்ணி, கெளம்பிட்டாளா?"

"இல்ல சடைச்சி."

பன்னிரண்டு மணிக்கு மரம் மறுபடியும் பேசியது. "அண்ணி, சார் கெளம்பணும்ங்கறாரு. ஒரு மணி வரைக்கும்தான் இருப்பாராம். என்னா பண்றா அவ?"

நான் எட்டிப் பார்த்தேன். அவள் நிழலில், குளுகுளு என்று, மணலைப் புரட்டிப் புரட்டி விளையாடிக்கொண்டிருந்தாள். நண்டு தூங்கிக்கொண்டிருந்தது.

நான் மூன்று பிள்ளை பெற்றேன், ஒருத்தரையும் கைநீட்டி அடித்ததில்லை. சாமி முன்னால் குரலை உயர்த்தியதே இல்லை. அன்றைக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

"ஏம்மா, உனக்குக் கொஞ்சமாவது இருக்குதா?" என்றேன். "மூணு நாளா பட்டினி கெடந்து உனக்கு விளக்கு வெச்சனே, ஒரு வார்த்த கேட்டியா? பதினெட்டுப் பொம்பளைங்க உனக்காக வெயில்ல கெடக்கறாங்க, நீ இங்க நெழல்ல படுத்துக்கினு மண்ணு வெளையாடுற. அங்க போவ உனக்குப் புடிக்கல. எங்களுக்கு மட்டும் புடிச்சா போறோம்? ஆறு வருஷமா அந்த ஆபீஸ் படி ஏறி எறங்கறாளே சடைச்சி, புடிச்சா போறா? அவன் கம்பி போட்டான்னா அவன்தான் போவணும், நீ எதுக்குப் போவணும்? அது உன் எடம். இருந்தாத்தான் உன் எடம். எழுந்திரு முதல்ல!"

வேடி அண்ணன் ஓடிவந்து, "தங்கச்சி, ஆத்தாளைப் போயி இப்படி..." என்றார்.

"நீங்க சும்மா இருங்கண்ணா!"

மணல் புரள்வது நின்றது. கன்னத்தில் போட்டுக்கொள்ளக் கையைத் தூக்கினேன். அதற்குள் அவள் எழுந்துவிட்டாள். திட்டு வாங்கின பெண்பிள்ளை எழுந்து போகிற மாதிரி, செம்பை உருட்டி, பானையை இடித்து, வாசல் விளக்குமாற்றைத் தூக்கி எறிந்துவிட்டு, படி தாண்டித் தெருவில் இறங்கி, மலையைப் பார்த்து ஏறினாள். கீழிருந்து மேலே தண்ணீர் போவதை ஊர் ஆண்கள் ஒதுங்கி நின்று பார்த்தார்கள். ஊர்க்கவுண்டர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். வேடி அண்ணன் நண்டு, தவளை எல்லாவற்றையும் அவசரமாக ஒரு குடத்தில் பொறுக்கிப் போட்டுக்கொண்டு பின்னாலேயே ஓடினார். நான் ஒரு கோலை ஊன்றிக்கொண்டு கடைசியாக நடந்தேன்.

நான் வேலிக்கு வந்து சேர்ந்தபோது அவள் கம்பிக்கு அடியில் புகுந்து பள்ளத்தில் போய் உட்கார்ந்திருந்தாள். பெண்கள் குலவை போட்டு ஓய்ந்திருந்தார்கள். அதிகாரி நனைந்த பேண்ட்டைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, தாளும் பேனாவுமாக நின்றார். நல்ல மனுஷன். பொய் எழுதத் தெரியாதவர். அதுதான் எங்களுக்கு வந்த கஷ்டம்.

"ஊத்து இருக்கு, எழுதிட்டேன்" என்றார். "எந்நாள் முதல்னு கேட்டிருக்கு. நான் என்னம்மா எழுதறது? ஒண்ணு பத்துக்கு வந்துச்சு, என் கண்ணால பார்த்தேன்."

குப்பாயி தலையில் அடித்துக்கொண்டாள். "சாமி, இவுரு வேற!"

சடைச்சி மட்டும் பொறுமையாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி, "சார், உங்க வூட்டம்மா தாய் வூட்டுக்குப் போயிட்டு வந்தா, அன்னையிலேருந்துதான் உங்க பொண்டாட்டின்னு எழுதுவீங்களா? போயிருந்தா. வந்துட்டா. அப்படியே எழுதுங்க" என்றாள்.

அதிகாரி, 'நெடுங்காலமாக உள்ளது, இடையில் ஒன்பது நாள் வெளியே சென்றிருந்தது' என்று எழுதி, உரக்கப் படித்தும் காட்டினார்.

"கடைசியா, வழி. நீங்க எல்லாரும் பன்னி தோண்டின பள்ளத்துல நுழைஞ்சு வந்தீங்க. அதை வழின்னு எப்படி எழுத முடியும்?"

சடைச்சி கையை நீட்டினாள். எல்லாரும் திரும்பி, கதவுக்கு வெளியே கோலை ஊன்றி நின்ற என்னைப் பார்த்தார்கள்.

"அது எங்க அண்ணி. முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்ன மருமவளா வந்து முதக் கொடம் எடுத்ததும் அந்த வழியாத்தான், போன வாரம் திங்கக்கிழமை எடுத்ததும் அந்த வழியாத்தான். கதவைத் தெறங்க. அவ நடந்து வரட்டும். நீங்க பாருங்க, எழுதுங்க."

"சாவி மேனேஜர்கிட்ட இருக்கு சார், அவர் டவுனுக்குப் போயிருக்கார்" என்றான் வாட்ச்மேன்.

"எப்ப வருவார்?"

"தெரியாது சார்."

"அப்ப உக்காருங்க சார்" என்று சடைச்சி தன் பாயில் இடம் விட்டாள். "நாங்க ஆறு வருஷம் உக்காந்தோம்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஜீப்பைப் பார்த்தார். பதினெட்டுப் பெண்களும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், கண்ணெடுக்காமல், கோபம்கூட இல்லாமல். அலுத்துப்போன கண்கள். வெகுநேரம் கழித்து வாட்ச்மேன்தான் தரையைப் பார்த்தபடி, மெல்ல, "அது கீல்ல சும்மா மாட்டினதுதான் சார். தூக்கினா கழண்டுடும்" என்றான். ஒன்பது நாளாக அவனும் கீழே எங்கள் ஊருக்கு வந்துதான் குடிக்கத் தண்ணீர் கொண்டுபோனான்.

அதிகாரி பேனாவைப் பல்லில் கடித்துக்கொண்டு ஒரு பக்கம் பிடித்தார், வாட்ச்மேன் ஒரு பக்கம் பிடித்தான். பூட்டு பூட்டினபடியே இருக்க, கதவு அதோடு சேர்ந்து மேலே எழும்பிக் கழன்று வந்தது. கொண்டுபோய் ஒரு கடுக்காய் மரத்தில் சாய்த்து வைத்தார்கள்.

நான் நடக்க ஆரம்பித்தேன். இருபது முப்பது அடிதான், ஆனால் என் முட்டி இருந்த இருப்பில் ஒவ்வொரு அடிக்கும் நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது.

"சீக்கிரம் வாக்கா, சார் கெளம்பிடப் போறாரு!" என்று கத்தினாள் குப்பாயி.

"நீ சும்மா இருடி" என்றாள் சடைச்சி. "அவ மெதுவாவே வரட்டும்."

அதிகாரி கிளம்பவில்லை. பேனாவைத் தாள்மேல் வைக்காமல் பிடித்துக்கொண்டே, என் காலையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் வந்து, செருப்பைக் கழற்றி, ஈரமணலில் பாதம் வைத்த பிறகுதான் குனிந்து எழுதினார்: வழி உண்டு.